சுறாக் கூட்டத்தில் முதல் ஆளாக நுழைந்தவனுக்கு

கதிர்,

பெயருக்கு முன்னால் 'அன்புள்ள' என்று போடத்தான் கை போனது. காலமெல்லாம் கவர்மெண்ட் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து, பிள்ளைகளுக்கு லெட்டர் எழுதச் சொல்லிக்கொடுத்த கை, பழக்கத்தை விடுமா? எழுதிப் பார்த்தேன், பொய்யாகப் பட்டது, அடித்துவிட்டேன். உன் அப்பா எதிரில் உட்கார்ந்து உன் கல்யாணப் பத்திரிகைகளின் மூலையில் மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறார். "கல்யாணத்த வச்சிக்கினு எதுக்கு இப்ப லெட்டரு? போன் போட்டுப் பேசேன்" என்கிறார். போனில் பேசினால் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எதிராளியை எங்கே வெட்டுவது, எங்கே 'சரிம்மா, லைன் சரியா கேக்கல' என்று நழுவுவது என்பதெல்லாம் உன் பிழைப்பு. காகிதத்தில் நீ குறுக்கே புக முடியாது. அதனால் எழுதுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு, போனைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை நிவேதாவைக் கூட்டிக்கொண்டு வந்தாய். கல்யாணம் முடிந்த கையோடு சென்னைக்குப் போகிறாய், இனிமேல் தெருவில் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், கண்ணாடி அறையில் கோட் போட்டுக்கொண்டு செய்தி வாசிக்கலாம் என்றாய். உன் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். சிதம்பரம் ரூட்டில் கண்டக்டராக நின்றே காலைத் தேய்த்த மனுஷன், மகன் உட்கார்ந்து சம்பாதிக்கப் போகிறான் என்று பூரித்துப்போனார். நானும் அந்த நிமிஷம் வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் நீ டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னாயே, அது இன்னும் என் காதில் அப்படியே இருக்கிறது. "அம்மா, வேலு மாமாவக் கண்டிப்பா கூட்டிட்டு வந்துடு. மேடையில ஏத்தி மாலை போட வைப்போம். சானல்ல ஒரு ஸ்டோரி கேக்குறாங்க. 'செத்துப் பிழைச்ச தாய்மாமன், மருமகன் கல்யாணத்துல!' செம ரீச் ஆவும்மா." நிவேதா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண்ணுக்கு வெட்கம் என்று ஒன்று இருக்கிறது. உன்னோடு இருந்து அதையும் தொலைத்துவிடாமல் இருக்க வேண்டும். நான் பதில் சொல்லாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்து, அம்மாவுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்திருப்பாய். மற்றவர்களின் வாயில் நீயே வசனம் வைத்துக்கொள்வது உனக்குப் புதிதா என்ன?

அதற்கு முந்தைய மாதம் சிதம்பரத்தில் ஒரு காலேஜில் உன்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? உனக்குச் சொல்லாமல் நானும் வந்திருந்தேன். அப்பாவின் பாஸில் பஸ் ஏறி வந்து, கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பையன் மேடையில் பேசுவதைப் பார்க்க எந்தத் தாய்க்குத்தான் ஆசை இருக்காது? நீ மைக்கைப் பிடித்துப் பிள்ளைகளிடம் சொன்னாய்: "எங்க ஊர்ல ஒரு போட்டு காணாமப் போச்சு. அன்னைக்கு நடந்ததுக்குப் பேருதான் ஃபீடிங் ஃப்ரென்சி. ரத்த வாடை பட்ட சுறாக் கூட்டம் மாதிரி அத்தனை சானலும் ஒரு வீட்டு வாசல்ல. அந்தக் கூட்டத்துல முதல்ல உள்ள நுழைஞ்சது நான்!" மண்டபமே கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் விசில் அடித்தாள். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வார்த்தையை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். ஒன்பதாம் வகுப்பு. நீ ஜன்னல் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து, வெளியே கோலி விளையாடுகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாய். தமிழில் இதற்கென்று தயாராக ஒரு சொல் இல்லை என்று சொல்லி, 'இரைவெறி' என்று நானே கரும்பலகையில் எழுதிப் போட்டேன். சுறா பசிக்குத் தின்பது வேறு, இது வேறு என்றேன். ஒரு மீன் அடிபட்டு ரத்தம் கசிகிறது. ஒரு சுறா வருகிறது, அதைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து இன்னும் பத்து. அப்புறம் எதற்கும் பசி கிடையாது, பக்கத்தில் இருப்பது கடிக்கிறது என்பதற்காகவே ஒவ்வொன்றும் கடிக்கும். பத்திரிகைக்காரர்கள் ஒரு ஆளின் கேவலத்தையோ துக்கத்தையோ சூழ்ந்துகொண்டு அடித்துப் பிடுங்கும்போது இங்கிலீஷ்காரன் இந்த வார்த்தையைச் சொல்வான் என்றேன். கடைசியில் ஒன்று சொன்னேன். அது மட்டும் உன் காதில் விழவில்லை போலிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உன் பேப்பரைத் திருத்திவிடுகிறேன். அந்த வார்த்தையின் பொருளை நீ சரியாகச் சொன்னாய். பயன்படுத்தியது தப்பு. முட்டை மார்க். அது அடுத்தவனைப் பார்த்துக் காறித் துப்பும்போது சொல்லுகிற வார்த்தை. தன்னைப் பற்றிப் பெருமையாக எவனும் அதைச் சொல்லிக்கொள்ள மாட்டான். நம் மீனவக் குப்பத்தில் சாவு வீட்டுக்கு வெளியே கேமராவைப் பார்த்தால் கிழவிகள் என்ன சொல்வார்கள்? "ஈ மொய்க்கிற மாதிரி மொய்க்கிறானுவ பாரு" என்பார்கள். "நான் நல்லா மொய்ச்சேன், எல்லா ஈயையும் தள்ளிட்டு நான்தான் முதல்ல உக்காந்தேன்" என்று எந்த ஈயாவது மேடை ஏறிச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? நீ சொன்னாய். கைதட்டலும் வாங்கினாய்.

இப்போது அந்த வீட்டுக்குள் போவோம். அந்த மாணவர்களிடம் நீ சொல்லாமல் விட்டதை நான் எழுதுகிறேன். ஏனென்றால் இந்தக் கடிதத்தைப் படிக்கப் போவது நீ மட்டும் இல்லை. உன் மாமா வேலு, என் கூடப் பிறந்த தம்பி, நண்டு வலை எடுக்க ஃபைபர் போட்டில் தனியாகப் போனான். கூடப் போகிற ஆளுக்குக் காய்ச்சல். போனவன் திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை. தேடப் போன போட்டுகளும் அவன் இல்லாமல்தான் திரும்பின. நம் குப்பத்தில் ஆள் திரும்பாவிட்டால் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அழ மாட்டார்கள். ஊர்க்கூட்டம் கூடி, தலைவர் வாயால் 'இனி இல்லை' என்ற சொல் வரும் வரைக்கும் அந்த வீட்டில் ஒப்பாரி கிடையாது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து மீன் விலையும் சீரியல் கதையும் பேசுவார்கள். பேச்சை நிறுத்த மாட்டார்கள், நிறுத்தினால் அழுகை வந்துவிடும். வேளாவேளைக்குச் சோறாக்கி, போனவனுக்கும் ஒரு தட்டில் போட்டு வைப்பார்கள். ஊர் சொல்வதற்கு முன்னால் மனைவி வாய்விட்டு ஒப்பாரி வைத்தால், புருஷனை அவளே கடலுக்குக் கொடுத்துவிட்டதாக அர்த்தம்.

உன் அமுதா அத்தை அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் ஒரு சொட்டு விழவில்லை. வெளியே கேமராக்காரர்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். குப்பத்துப் பையன்கள் யாரையும் உள்ளே விடவில்லை. நீ மருமகன். பின்பக்கமாக, கோழிக் கூண்டைத் தாண்டி வந்தாய். நான் அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்தேன். பிள்ளை வந்துவிட்டான், அத்தைக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். நீ அவளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது. "அத்தை, ஆபீசருங்க சொல்லிட்டாங்க. போட்டு கவுந்து கெடக்காம். மாமா இல்ல அத்தை. ஊர்ல இன்னும் சொல்லாம வச்சிருக்காங்க. அழுதுடு அத்தை, மனசுல வச்சிக்காத." எந்த ஆபீசரும் எதுவும் சொல்லவில்லை. எந்தப் போட்டும் கவிழ்ந்து கிடக்கவில்லை. அவள் உன் முகத்தைப் பார்த்தாள். வெளி ஆள் சொல்லியிருந்தால் செருப்பால் அடித்திருப்பாள். சொன்னது அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. மார்பில் அடித்துக்கொண்டு, "என்னக் கட்டுன ராசா" என்று ஆரம்பித்தாள். நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் உன் போன் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. உன் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்துகொண்டிருந்தது. "இப்ப உங்க மனநிலை எப்படி இருக்கு?" அத்தை என்றுகூடச் சொல்லவில்லை. 'உங்க' என்றாய்.

அழுகைச் சத்தம் வெளியே போனதும் பையன்களின் கை தளர்ந்துவிட்டது. அவர்களும் வேலு போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டார்கள். வேலி சாய்ந்தது. நான் கரும்பலகையில் எழுதிப்போட்டதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஒருத்தன் கேமரா முக்காலியால் இன்னொருத்தன் முதுகில் இடித்தான். ஒருத்தன் பீரோ மேல் ஏறினான். வேலுவுக்கென்று போட்டு வைத்திருந்த சோற்றுத் தட்டை மிதித்துக்கொண்டு போனான் ஒருத்தன், கால் வழுக்கி, "ச்சே, யாருய்யா இங்க சோத்த வச்சது?" என்று எரிந்து விழுந்தான். இன்னொருத்தன் அவளிடம், "அக்கா, ஃபோகஸ் வரல, இன்னொரு வாட்டி அதே மாதிரி அழுங்க" என்றான். அவளும் அழுதாள். யார் சொன்னதையும் கேட்கிற நிலையில் அப்போது அவள் இருந்தாள். நீ அதற்குள் வீடியோவை அனுப்பிவிட்டு, வாசலில் நின்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு லைவில் பேச ஆரம்பித்துவிட்டாய். அன்று சாயங்காலம் வரைக்கும் எல்லா டிவியிலும் உன் அத்தைதான் அழுதுகொண்டிருந்தாள்.

வேலு செத்திருந்தால்கூட உன்னை மன்னித்திருப்பேனோ என்னவோ. அவன் வந்துவிட்டான். இன்ஜின் நின்று, வடக்கே அடித்துக்கொண்டு போய், ஆந்திரக்காரர்கள் போட்டில் ஏற்றிக் கரை சேர்த்து, யாரோ எடுத்துக்கொடுத்த டிக்கெட்டில் ரயிலேறி, தோல் உரிந்த முகத்தோடு குப்பத்துக்குள் நடந்து வந்தான். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கினார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், கிட்டே வரவில்லை. அவன் சிரித்தானாம். "இன்னாடா, பேயப் பாத்த மாதிரி பாக்குறீங்க? நாந்தான்டா." அமுதா வாசலில் வந்து நின்று, ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளாமல், வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. நீ மறுநாள் வந்து அதையும் எடுத்தாய். 'கடல் திருப்பித் தந்த மீனவர்.' நல்ல தலைப்பு.

கடல் திருப்பித் தந்தது, ஊர் எடுத்துக்கொள்ளவில்லை. ஒப்பாரி கேட்ட ஆளைப் போட்டில் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்கள். காய்ச்சலில் கிடந்தானே, வேலுவோடு கூடவே போகிற ஆள், அவனே வந்து அழுதுவிட்டுப் போனான். "மாமா, உன் மேல கோவம் இல்ல. உன்னக் கடலுக்குக் கொடுத்தாச்சு. கொடுத்ததத் திரும்ப எடுத்துக்கினு போனா, கூட இருக்கிறவனையும் சேத்துக் கேக்கும். எனக்கும் புள்ளைங்க இருக்கு." தனியாகவே போகிறேன் என்றான் வேலு. அவன் பிடித்த நண்டை வாங்க ஏலத்தில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கூடை அப்படியே வெயிலில் கிடந்து நாறியது. இப்போது பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கொட்டை குடோனில் வாட்ச்மேன். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்து லாரியை உள்ளே விடுகிறான். போன வாரம் போய்ப் பார்த்தேன். பலாப்பழம் வெட்டிக் கொடுத்தான், அவன் தொடவில்லை. "அக்கா, இங்க காத்து அடிச்சா எந்தப் பக்கத்துக் காத்துன்னே தெரியல" என்றான். சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஏறியதும் அழுதேன்.

நீ சொன்னாய், "அதெல்லாம் மூடநம்பிக்கைம்மா, இந்தக் காலத்துல போய்" என்று. மூடநம்பிக்கையாகவே இருக்கட்டும். உன்னைப் படிக்க வைத்தவள் நான், எனக்கு அதைச் சொல்லித் தராதே. ஆனால் அன்றைக்கு அந்த அழுகைக்கு ஏன் அவ்வளவு கிராக்கி என்று யோசித்தாயா? இந்தக் கரையில் ஊர் சொல்லாமல் எந்தப் பெண்ணும் அழ மாட்டாள். அதனால் ஒரு கேமராவுக்கும் அழுகை கிடைக்கவில்லை. உனக்கு மட்டும் கிடைத்தது. அந்த வழக்கத்தை வைத்துத்தான் நீ பெரிய ஆளானாய். சென்னையில் உன்னை உட்காரவைக்கப் போகிற நாற்காலி அதில்தான் செய்தது. சம்பாதிக்கும்போது இருந்த நம்பிக்கை, திருப்பிக் கொடுக்கும்போது மூடநம்பிக்கை ஆகிவிடுமா?

இதற்கு ஒரு வழி இருக்கிறது, அதுவும் உனக்குத் தெரியும். தப்பாக வைத்த ஒப்பாரியை ஊர் ரத்து செய்யும். அழவைத்தவன் ஊர்க்கூட்டத்தில் நின்று, "பொய் சொல்லி நான்தான் அழவச்சேன்" என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்தப் பாவம் அவன் தலையோடு போய்விடும். வேலு தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, மறுநாளே முதல் போட்டில் ஏற்றுவார்கள். தலைவர் கூட்டத்தைக் கூட்டி அமுதாவைக் கேட்டார். "ஊர் சொல்லாம நீயா அழுவ மாட்டியேம்மா. யாரு அழவச்சது, சொல்லு." இவள் தலையைக் குனிந்துகொண்டு, "யாரும் இல்ல, நானாத்தான் அழுதேன்" என்றுவிட்டாள். வெளியே வந்ததும் அவளைப் பிடித்து உலுக்கினேன். "அண்ணி, கதிருக்கு இப்பதான் வேலை நெரந்தரம் ஆவுது. பொண்ணு வேற பாத்திருக்கீங்க. நான் அவன் பேர சொன்னா எல்லாம் பூடும். உங்க தம்பிய உசுரோட பாத்துட்டேன், எனக்கு அது போதும்" என்றாள். நான் சொல்லட்டுமா என்று தலைவரிடம் கேட்டேன். மற்றவர் சொன்னால் செல்லாது, செய்தவன் வாயால் வர வேண்டும் என்றார். அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்தேன். "பாக்கலாம்மா, இப்ப ப்ரோமோஷன் டைம்" என்றாய். ப்ரோமோஷன் வந்தது. "கல்யாணம் முடியட்டும்மா" என்றாய். நான் உன்னை நம்பிக் காத்துக்கொண்டிருந்தேன். நீ மாமாவை வைத்து அடுத்த ஸ்டோரிக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் காது குத்தின ஆல்பம் பீரோவில் இருக்கிறது. நிவேதாவுக்குக் காட்டலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன், காட்டவில்லை. உன்னை வேலு மடியில் உட்காரவைத்து ஆசாரி ஊசியை எடுத்ததும் நீ போட்ட கூச்சலில் கோயிலே அதிர்ந்தது. போட்டோக்காரர் கிட்டே வந்தார். அழுகிற பிள்ளை படம்தான் நன்றாக இருக்கும் என்றார். வேலு உன்னை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையை லென்ஸுக்கு நேராக நீட்டிவிட்டான். "புள்ள அழுவுறப்போ புடிக்காதய்யா. சிரிக்கட்டும், அப்புறம் புடி." அவர் அதற்குள் அமுக்கிவிட்டார். அதனால் அந்த ஆல்பத்தில் உன் காது குத்து இல்லை. ஒரு பக்கம் முழுக்க உன் மாமாவின் உள்ளங்கைதான் இருக்கிறது. வலைக்கயிறு அறுத்த தழும்பெல்லாம் தெரிகிறது. அந்தக் கை இப்போது இரும்பு கேட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

கல்யாணம் ஆகப் போகிற பையனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். அந்தப் பெண் ஒரு நாள் உன் எதிரில் அழுவாள். எந்தக் கல்யாணத்திலும் அது நடக்கும். அப்போது உன் கை எங்கே போகிறது என்று பார். பாக்கெட்டுக்குப் போனால், அவளை அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடு. இதை அவளிடமும் நேரிலேயே சொல்லப் போகிறேன். இந்தக் கடிதத்தின் முதல் நகல் அவளுக்குத்தான். உன்னைக் கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். அவள் இந்தச் செய்தியை டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

நேற்று குப்பத்துக்குப் போய்த் தலைவரிடம் ஒன்று கேட்டுவிட்டு வந்தேன். "அவன் கூட்டத்துக்கு வர மாட்டான். டிவியில சொன்னா செல்லுமா?" "அழுகையே டிவியிலதான்மா வந்துச்சு. ஒத்துக்கிறதும் டிவியில வந்தா இன்னா? ஊரே பாக்கும். அவன் வாயால வரணும், அவ்ளோதான்" என்றார். எனக்கு அது போதும். இதை எழுதி முடித்ததும் முதுநகரில் ஜெராக்ஸ் கடைக்குப் போகிறேன். கடலூரிலும் சிதம்பரத்திலும் இருக்கிற உன் சிநேகிதர்கள், அன்று வேலியில் தொங்கினவர்கள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு நகல். போன் செய்து சொல்லிவிட்டேன். என்ன மரியாதை, என்ன பணிவு! "மேடம், எங்களுக்கு மட்டும் எக்ஸ்க்ளூசிவ்வா தருவீங்களா?" என்று ஒவ்வொருத்தனும் கேட்டான். உன்னோடு ஒரே தட்டில் பிரியாணி சாப்பிட்டவன்தான் முதலில் கேட்டான். உனக்கான நகலைக் கடைசியாகத்தான் கொடுத்தனுப்புவேன்.

அன்று வகுப்பில் கடைசியாக நான் சொன்னது இதுதான். வெறி முற்றிவிட்டால் சுறாக்களுக்கு இரை எது, கூட்டாளி எது என்று தெரியாது. பக்கத்தில் இருக்கிற சுறாவுக்கு ஒரு கீறல் விழுந்து ரத்தம் வந்தால் போதும், மொத்தக் கூட்டமும் அதன் மேல் திரும்பும். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் இப்போது அந்தக் கீறலைப் போடுகிறேன்.

உன் அப்பா எழுதுவதை எட்டிப் படித்துவிட்டார். பத்திரிகையெல்லாம் தரையில் சிதறிக் கிடக்கிறது. "பெத்தவ செய்யிற வேலையாடி இது? புள்ளைய நீயே தூக்கிப் போடுவியா?" என்று கத்திவிட்டு, என் பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தார். அதனால் இந்தக் கடைசிப் பக்கம் பேப்பர் திருத்துகிற சிவப்புப் பேனாவில் இருக்கும். ஆமாம், நான்தான் போடுகிறேன். வயிறு எரிகிறது, கதிர். நீ பிறந்தபோதுகூட இப்படி வலித்ததில்லை. ஆனாலும் போடுகிறேன். முன்பின் தெரியாத கைகள் என் தம்பியைக் கடலிலிருந்து தூக்கிவிட்டன, நீ திரும்ப உள்ளே தள்ளினாய். அவனை வெளியே எடுக்க வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

இதை நீ படித்துக்கொண்டிருக்கும்போதே உன் அறை வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். காலிங் பெல்லை ஒரே நேரத்தில் நாலு பேர் அமுக்குவார்கள். பின்பக்கமாக எவனாவது ஏறி வருவான், அந்த வழியை நீதான் காட்டிக்கொடுத்திருக்கிறாய். கதவைத் திறந்ததும் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். உன் சிநேகிதன் மைக்கை நீட்டி, உன்னை 'உங்க' என்று கூப்பிட்டு, அந்தக் கேள்வியைத்தான் கேட்பான். பண்ருட்டியில் குடோன் வாசலில் உன் மாமா, லாரிக்காரர் ஒருவரின் போனைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பான். அமுதாவும் பக்கத்தில் இருப்பாள், நான் வரச் சொல்லியிருக்கிறேன். உன் மனநிலை எப்படி இருந்தாலும் சரி, ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவன் அன்றைக்கே பஸ் ஏறிக் கடலுக்குத் திரும்பிவிடுவான். சொல்லிவிட்டு வேண்டுமானால் அழு. நீ அழும்போது கையை நீட்டி லென்ஸை மறைக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

உன் அம்மா